தாழ்ப்பாள் போட ஒரு கதவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு மாசமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கவர்மெண்ட் டாக்டர் ஹனிமூன் பற்றி எழுதினால் "உங்களுக்கு வேற வேலை இல்லையா மேடம்" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். வரட்டும். கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மாசி மாசம், ஒரு திங்கட்கிழமை ஓபி. திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஜோடி வந்தார்கள். பையனுக்கு 26, பொண்ணுக்கு 23. ஆவணியில் கல்யாணம், ஆறு மாசம் ஆகிறது. கூடவே மாமியார். உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"ஆறு மாசமாச்சு டாக்டரம்மா. இன்னும் ஒண்ணும் தங்கல. ஸ்கேனு கீனு எடுத்துப் பாத்து, யாருகிட்ட குறைன்னு சொல்லிருங்க."

பொண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான்.

(யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் மாறவில்லை.)

மாமியாரை ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு வரிசையில் நிற்க அனுப்பிவிட்டு கதவைச் சாத்தினேன். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. ரெண்டு பேருக்கும் வேறு நோய் இல்லை. அடுத்த கேள்வி, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை ஒன்றாக இருக்கிறீர்கள்? பொண்ணு வாய் திறக்கவில்லை. வலது கையை மடியில் வைத்தபடியே நாலு விரலைக் காட்டியது.

வாரத்துக்கு நாலா?

"இல்ல மேடம். இதுவரைக்கும்."

செல்லூர் பக்கம் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹாலில் அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி. இவர்கள் படுப்பது அடுப்படியில். அடுப்படிக்குக் கதவு கிடையாது, பழைய சேலை ஒன்றுதான் தொங்குகிறது. குழாயில் தண்ணி வருகிற அன்றைக்கு மாமியார் நாலரைக்கெல்லாம் எழுந்து குடத்தோடு அடுப்படிக்கு வந்துவிடுவார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, தண்ணியை விட்டால் போச்சு. "மூச்சு விட்டாக்கூட அந்தப் பக்கம் கேக்கும் மேடம்" என்றான் பையன். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பொண்ணுக்கு வரவில்லை.

மருத்துவக் கணக்கு எளிது. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருஷம் முறையாகச் சேர்ந்து வாழ்ந்த பிறகும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை பற்றிப் பேசவே ஆரம்பிப்போம். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் அதை ஆறு மாசமாகக் குறைத்துக்கொள்வோம். இங்கே பொண்ணுக்கு 23. ஆறு மாசத்தில் நாலு தடவை. இதற்கு ஸ்கேன் எதற்கு? யாரிடமும் குறையில்லை. குறை வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கு நான் என்ன மாத்திரை எழுதுவது?

"ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வாங்க" என்றேன்.

"ஹனிமூனா மேடம்? அதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு."

அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இத்தனையையும் எழுதுகிறேன். என் கருத்து நேர் எதிர். காசு இருக்கிறவர்களுக்கு வீட்டிலேயே தனி அறை இருக்கிறது, ஏசி இருக்கிறது, உள்தாழ்ப்பாள் இருக்கிறது. அவர்கள் ஹனிமூனே போகாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. அவர்களுக்கு அது ஒரு டூர். அடுப்படியில் படுக்கிற ஜோடிக்குத்தான் அது தேவை. ஆனால் மணாலியும் மாலத்தீவும் போகிறவர்கள் அவர்கள், "எங்களுக்கு எதுக்கு மேடம்" என்று கூச்சப்படுகிறவர்கள் இவர்கள்.

"எங்க காலத்துல எல்லாம் ஹனிமூனா போனோம், நாலு புள்ள பெக்கலையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு: உங்கள் காலத்தில் திண்ணை இருந்தது. எங்கள் தாத்தா வருஷம் பூரா திண்ணையில்தான் படுப்பார். மழை பெய்தால் மட்டும் உள்ளே வருவார். புதுசாகக் கல்யாணமான ஜோடி இருக்கிற வீட்டில் ஆம்பளைகள் திண்ணைக்கும் களத்துக்கும் போய்விடுவார்கள், கிழவிகள் பக்கத்து வீட்டில் "பேச்சுத் துணைக்கு" என்று படுக்கப் போவார்கள். யாரும் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் உள்ளறை காலியாகிவிடும். ஊரே சேர்ந்து செய்துகொடுத்த ஏற்பாடு அது. இன்றைக்குப் பத்துக்குப் பத்து வாடகை வீட்டில் திண்ணை எங்கே, களம் எங்கே? மாடியில் படுக்கலாம் என்றால் அங்கே வீட்டு ஓனர்.

இன்னொன்று. புதுசாகச் சேர்ந்தவர்களை மலைக்கு அனுப்புவது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சங்க இலக்கியத்தில் குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் என்ன என்று தமிழ் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். புணர்தலும் புணர்தல் நிமித்தமும். அதைத்தான் நான் கொடைக்கானல் பஸ் என்கிறேன்.

காசுக்கு வருகிறேன். அந்தப் பையனிடமே கேட்டேன், கல்யாணத்துக்கு எவ்வளவு ஆச்சு? மண்டபம், சாப்பாடு, ஃபிளக்ஸ், வெடி, மேளம், போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னான். அதில் கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஷூட்டுக்கு மட்டும் 25,000. புகை போட்டு, டிரோன் விட்டு, வைகை அணைப் பூங்காவில் ரெண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஊருக்குக் காட்டுவதற்காகச் சேர்ந்து நிற்க 25,000. நிஜமாகச் சேர்ந்து இருக்க 5,000 இல்லை. மொய்ப்பணத்தை எடுக்கலாமே என்றால் முடியாது, மொய் நோட்டு அப்பாவிடம் இருக்கும், அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நம்ம பக்கத்தில் மொய் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள்.

வட்டிக்கு வாங்கியோ, மாதத் தவணை ஹனிமூன் பேக்கேஜ் எடுத்தோ போகாதீர்கள். ஆறு நாள் பார்த்த பனிமலைக்காக 24 மாசம் தவணை கட்டினால், சண்டை மூன்றாவது மாசமே ஆரம்பித்துவிடும்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிமை கிடைக்காத ஜோடியில் முதலில் பயப்படுவது பெரும்பாலும் ஆண்தான். அவசரம், பயம், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதட்டம். ரெண்டு தடவை முடியாமல் போனால், நமக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறான். நண்பன் ஒருவன் சுவரொட்டியைக் காட்டுவான். மாசம் ஒருமுறை ஊருக்கு வந்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர். லேகியம், தங்க பஸ்பம், ஒரு மண்டலத்துக்குப் பல ஆயிரம். தம்பிகளா, அந்த லாட்ஜுக்குத் தனியாக வைத்தியரைப் பார்க்கப் போனதற்குப் பதில் மனைவியோடு போயிருந்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்திருக்கும். செலவும் குறைவு. அப்படியும் சரியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுப் பேசலாம்.

சரி, எங்கே போவது?

நான் 2018 ஆவணியில் கல்யாணம் செய்தேன். அப்போது ரெண்டு பேருக்கும் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரப்பாளையத்தில் அரசு பஸ் ஏறி கொடைக்கானல், ரெண்டு ராத்திரி. ஏரியைச் சுற்றி நடந்தோம், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். கோக்கர்ஸ் வாக்கில் மேகம் மூடி ஒன்றுமே தெரியவில்லை. அது குறிஞ்சி பூத்த வருஷம், 12 வருஷத்துக்கு ஒருமுறை, இனி 2030-இல்தான். "12 இடம் சுத்திக் காட்டுறோம்" என்ற டாக்ஸிக்காரர்களை எல்லாம் தாண்டி, பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை முதல் நாள் ராத்திரி வரை வந்தது. மொத்தம் 5,000 சொச்சம் ஆனதாக ஞாபகம். இன்றைக்கு விலைவாசி வேறு. ஆனால் கணக்கு அதேதான்: பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பெரிதாக ஆகாது, அறை வாடகைதான் எல்லாமே. அறை வாடகையோ எந்த நாள் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வைகாசியில் கல்யாணம் வைக்கிறவர்கள் கவனியுங்கள். அது கொடைக்கானலில் சீசன் நேரம், அறை விலை உச்சத்தில் இருக்கும். முகூர்த்தம் முடிந்த மறுநாளே போகவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ரெண்டு மாசம் கழித்துப் போங்கள். மாசி, பங்குனியில் பள்ளிக்கூடப் பரீட்சை, குடும்பங்கள் வராது. அதிலும் செவ்வாய், புதன் போனால் அறைக்காரரிடம் பேரம் பேசலாம். சனி ஞாயிறு போனால் அவர் உங்களிடம் பேரம் பேசுவார். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சொந்த வண்டி, வாடகை வண்டியில் கொடைக்கானல் போக இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. காசு இல்லாதவனுக்குக் கிடைத்த ஒரு சலுகை.

மலை ஒத்துக்காது என்றால் ராமேஸ்வரம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு மதுரையிலிருந்து ரயில் மறுபடியும் தீவு வரைக்கும் போகிறது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது. 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்க்க ஹனிமூனா என்று கேட்காதீர்கள், ரெண்டு பக்கமும் கடல், நடுவில் நீங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வீட்டில் "கோயிலுக்குப் போறோம்" என்று சொன்னால் அத்தை, சித்தி எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் பார்த்த ஒரு ஜோடியின் ஹனிமூனுக்கு டெம்போ டிராவலரில் 14 பேர் போனார்கள். பொம்பளைகளுக்கு ஒரு ரூம், ஆம்பளைகளுக்கு ஒரு ரூம்.

அதற்கும் வழியில்லாதவர்கள் அழகர்கோவில் போங்கள். டவுன் பஸ்ஸில் பொண்ணுக்கு டிக்கெட் கிடையாது, பையனுக்கு மட்டும்தான். நூபுர கங்கை வரை ஏறி இறங்கினால் ஒரு நாள் போய்விடும், பேசுவதற்கு நேரம் கிடைக்கும். தாழ்ப்பாள் கிடைக்காது. அதனால் அதை அரை ஹனிமூன் என்றுதான் சொல்வேன்.

லாட்ஜில் ரெண்டு பேருடைய ஆதாரும் கேட்பார்கள், கொடுங்கள். பொண்ணு ஆதாரில் இன்னும் அப்பா வீட்டு விலாசம்தான் இருக்கும், பரவாயில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் கூனிக் குறுகி நிற்காதீர்கள். கல்யாணமே ஆகாத வயது வந்த இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் கோயம்புத்தூர் விடுதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. தாலி கட்டியவர்கள் ஏன் நெளியணும்?

இனி டாக்டர் வேலை.

மலைப் பாதை வாந்தி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், காலி வயிற்றோடும் ஏறாதீர்கள். பஸ்ஸின் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதென்றால் பஸ் ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம், சொன்னால் மதுரைக்காரர்களுக்குக் கோபம் வரும், நாலு முழம் மல்லிகைப்பூவை வைத்துக்கொண்டு மலை ஏறாதீர்கள். அந்த வாசனையே பக்கத்து சீட்டுக்காரரையும் சேர்த்து வாந்தி எடுக்க வைக்கும்.

அடுத்தது எனக்கே நடந்தது. கொடைக்கானல் போகும் வழியில் பஸ் நின்ற இடத்தில் கழிப்பறைக்குள் போக மனசு வரவில்லை. அதனால் தண்ணியே குடிக்கவில்லை, நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது நெருப்பு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட்டம், அடிவயிற்றில் வலி. எம்.பி.பி.எஸ் படித்த எனக்கே இந்த லட்சணம். புதுமணப் பெண்களுக்கு இது அவ்வளவு சகஜம், ஆங்கிலத்தில் ஹனிமூன் சிஸ்டைட்டிஸ் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. உறவின்போது வெளியே இருக்கும் கிருமிகள் சுலபமாக உள்ளே ஏறிவிடும். உறவு முடிந்ததும் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுங்கள். தண்ணி நிறையக் குடியுங்கள். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அதனால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். எரிச்சல் வந்தால் மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், பக்கத்து அரசு மருத்துவமனையில் சிறுநீரைக் காட்டுங்கள். குளிர் காய்ச்சலோ விலாப்புற வலியோ சேர்ந்தால் அன்றைக்கே போகணும், ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முக்கியமாக, இது பால்வினை நோய் இல்லை. "உன்கிட்ட இருந்து வந்துச்சு, என்கிட்ட இருந்து வந்துச்சு" என்று சந்தேகப்பட்டு, ஹனிமூனிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் திரும்பிய ஜோடியைப் பார்த்திருக்கிறேன். அதேபோல முதல் உறவில் ரத்தம் வரவில்லை என்பதற்கும் ஒழுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பலருக்கு வராது. இதை ஆம்பளைகள் ரெண்டு தடவை படியுங்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. டிக்கெட் போட்ட தேதியிலேயே வந்துவிடும் என்று நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். வரவேண்டிய தேதிக்கு மூணு நாள் முன்பே ஆரம்பிக்கணும். ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் போடக்கூடாது. அதனால் தோழி கொடுத்தாள் என்று வாங்கிப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், அந்த மாத்திரை கருத்தடை இல்லை. "மாத்திரை போட்டேனே மேடம், எப்படித் தங்குச்சு?" என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வேறென்ன சொல்வது.

இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் கிளம்புவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக் குடும்பநலப் பிரிவுக்குப் போங்கள். ஆணுறை இலவசம், தினசரி மாத்திரை இலவசம், சாயா மாத்திரை இலவசம், மூணு மாசத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இலவசம். ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாசம் கூடுதலாக ஆகலாம் என்பதால், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆணுறைதான். அது கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் பல மெடிக்கல் கடைகளில் அதைக் கேட்டாலே முறைப்பார்கள், இருப்பும் வைத்திருக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. நைட் டியூட்டியில் ஒரு பொண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணமாகி நாலாவது நாள். வலிப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாத்திரை சாப்பிடுகிற பொண்ணு, மூணு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தில் மூணு ராத்திரி தூக்கமில்லை, மாத்திரையும் இல்லை. வலிப்புக்கு வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளைப் பையன் வெளியே நின்று "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சில வலிப்பு மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை, அதனால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் தானாக நிறுத்தக் கூடாது, ஒரு நாள்கூட. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், ஆஸ்துமா பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். பட்டுச்சேலைக்கு முன்னால் பையில் போக வேண்டியது அது.

அந்த மாசி மாச ஜோடிக்கு வருகிறேன். மாமியார் சீட்டோடு திரும்பி வந்தார். அவரைத் தனியாக உட்கார வைத்தேன். ஒரு லெக்சரே தயார் செய்து வைத்திருந்தேன், "நீங்களும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்மா" என்கிற மாதிரி. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? நானும் அந்த அடுப்படியிலதான படுத்தேன். அன்னைக்கு என் மாமியா ஹால்ல. இவகளை எங்கிட்டுப் போகச் சொல்ல? நாங்கதான் எங்கிட்டுப் போக?"

நான் தயார் செய்து வைத்திருந்த லெக்சரில் இதற்குப் பதில் இல்லை. எழுந்து போகும்போது ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாலாக மடித்த ஐநூறு ரூபாய்த் தாள் மூணை மருமகள் கையில் திணித்தார். "சீட்டுப் பணம். அவன்கிட்ட காட்டாத" என்றார், அவன் பக்கத்தில் நிற்கும்போதே.

பங்குனிக் கடைசியில் அந்தப் பையன் கையில் கட்டோடு டிடி ஊசிக்கு வந்தான். கடை ஷட்டர் இழுக்கும்போது கிழித்துக்கொண்டானாம். ராமேஸ்வரம் போனார்களாம், ரெண்டு ராத்திரி, புதன் வியாழன். பொண்ணு அதற்கு முன்னால் கடலைப் பார்த்ததே இல்லையாம். மொத்தம் 4,300 ஆனது என்று கணக்குச் சொன்னான்.

"எங்கெல்லாம் போனீங்க?"

"முத நாள் தனுஷ்கோடி மேடம். ரெண்டாவது நாள் எங்கயும் போகல. கதவைச் சாத்திட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கினோம். அவ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல."